கோடு 0401 வந்தாலே இஜிஆர் வால்வை மாற்றிவிட வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: 2015 மாடல், 1.3 லிட்டர் டீசல் கார், 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக செக் இன்ஜின் லைட் எரிகிறது, மேட்டில் மூன்றாவது கியரில் மிதித்தால் இழுவை இல்லை, பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கிற அளவுக்குக் கரும்புகை. பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், பி0401 என்ற பழுதுக் கோடு (எந்தக் கோளாறு என்று கார் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கிற எண்) வந்தது, "இஜிஆர் வால்வு போயிடுச்சு, புதுசு போட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டார்கள். போடலாமா என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, பணம் கொடுப்பதற்கு முன்னால் வால்வுதான் காரணம் என்று நிச்சயப்படுத்திக்கொள்ள முடியுமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும். பாதி வேலையை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக டீசல் வண்டிகளின் எலக்ட்ரிக்கல், ஸ்கேனிங் வேலை பார்ப்பவன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை, அது ஓடுகிற சத்தத்தைக் கேட்கவில்லை, அதனால் "இதுதான் பழுது" என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் கண்ணை உறுத்துகிறது. உங்கள் கோடும் உங்கள் புகையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

அது ஏன் என்று புரிய, இந்த வால்வு என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். சிலிண்டருக்குள் எரியும்போது சூடு மிக அதிகமானால் காற்றில் இருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகிறது, நுரையீரலுக்கு ஆகாத வாயு அது. அதைக் குறைக்கத்தான் சைலன்சர் பக்கம் போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி, உள்ளே போகிற காற்றோடு கலந்து அனுப்புகிறார்கள். ஏற்கெனவே எரிந்து முடிந்த வாயு மறுபடி எரியாது, சூட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும், அதனால் உள்ளே வெப்பம் தணியும். அந்தப் பங்கு எவ்வளவு, எப்போது என்று திறந்து மூடிக் கணக்குப் பார்ப்பதுதான் இஜிஆர் வால்வு. டீசலில் ஐடிலிலும், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போதும், மெதுவாக ஓட்டும்போதும் நன்றாகத் திறந்திருக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் மூடிக்கொள்ளும், ஏனென்றால் அந்த நேரத்தில் இன்ஜினுக்குச் சுத்தமான காற்று அத்தனையும் வேண்டும்.

இப்போது உங்கள் கோடுக்கு வருவோம். பி0401 என்றால் "திரும்பி வர வேண்டிய புகை போதுமான அளவு வரவில்லை" என்று அர்த்தம். அதாவது வால்வு மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம், இல்லை பாதை கரியால் அடைத்திருக்கலாம். ஆனால் டீசலில் இஜிஆர் வேலை செய்யாமல் மூடியே கிடந்தால் கரும்புகை கூடாது, குறையும்! இழுவையும் குறையாது. பல பேருக்கு லைட் எரிவதைத் தவிர வேறு எதுவும் தெரியவே தெரியாது. கரும்புகையும் இழுவைக் குறைவும் வருவது அதற்கு நேர் எதிரான நிலையில்: வால்வு மூடாமல் திறந்தே நிற்கும்போது, அல்லது வேறு ஏதோ காரணத்தால் இன்ஜினுக்குக் காற்று போதாதபோது. ஆக, மூடிக்கிடக்கிற வால்வு என்று கோடு ஒரு பக்கம் சொல்கிறது, காற்றுப் பற்றாக்குறை என்று புகை இன்னொரு பக்கம் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக விளக்குகிற காரணம் எது என்று தேட வேண்டும். என் அனுபவத்தில் அப்படிப்பட்டவை இரண்டு.

முதலாவது, டர்போவிலிருந்து (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற பாகம்) இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விக்கிற பாகம்) வழியாக இன்ஜினுக்குப் போகிற ரப்பர் ஹோஸில் கிழிசல். இது எப்படி இஜிஆர் கோடு கொடுக்கும் என்று கேட்பீர்கள். உங்கள் வண்டி மாதிரியான பெரும்பாலான டீசல்களில், திரும்பி வருகிற புகையை நேரடியாக அளக்க எந்த சென்சாரும் கிடையாது. ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கிற காற்று அளவி, நாங்கள் மாஃப் சென்சார் என்போமே அது, எவ்வளவு புதுக் காற்று போகிறது என்று சொல்லும். வால்வைத் திறந்தால் புகை உள்ளே வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த அளவுக்குப் புதுக் காற்று குறைய வேண்டும். குறைந்தால் கம்ப்யூட்டருக்குத் திருப்தி. குறையவில்லை என்றால் "புகை வரவில்லை" என்று முடிவு கட்டிக் கோடு போட்டுவிடும். ஹோஸ் கிழிந்திருந்தால் மாஃப் அளந்த காற்றில் ஒரு பகுதி வழியிலேயே வெளியே போய்விடுகிறது, அதை ஈடுகட்ட அதிகக் காற்று மாஃப் வழியாகப் போகிறது, கம்ப்யூட்டர் கண்ணுக்குப் புதுக் காற்று குறையவே இல்லை. வந்தது பி0401. அதே நேரம் இன்ஜினுக்குள் உண்மையில் போகிற காற்று குறைவு, டீசலோ அளந்த காற்றுக்கு ஏற்ப ஊற்றப்படுகிறது. அதனால் கரும்புகை, இழுவை இல்லை. வால்வு பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

இதை நான் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை, ஒரு வாடிக்கையாளரின் காசில் கற்றுக்கொண்டேன். பல வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு வண்டி, இதே கோடு, கண்ணை மூடிக்கொண்டு புது வால்வு போட்டு அனுப்பினேன். நான்காம் நாள் அதே லைட்டோடு திரும்பி வந்தது. மறுபடி தூக்கி வைத்து அடியில் போய்ப் பார்த்தால், இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்புக்கு ஒரு விரல்கடை தள்ளி, புழுதி எண்ணெயோடு சேர்ந்து கறுப்பாக ஒட்டிக்கிடக்கிறது. துடைத்துவிட்டு ஹோஸை வளைத்தேன், ரப்பர் வாய் பிளந்தது. விட்டால் மூடிக்கொள்கிறது. சும்மா நிற்கும்போது யார் பார்த்தாலும் நல்ல ஹோஸ், டர்போ அழுத்தம் ஏறினால்தான் அது கிழிசல். வால்வுக் காசைத் திருப்பிக் கொடுத்தேன், கழற்றிப் போட்ட பழைய வால்வு ரொம்ப நாள் என் டேபிளில் பேப்பர் பறக்காமல் இருக்க உதவியது.

ஆகவே முதல் வேலை அதுதான். இன்ஜின் நன்றாக ஆறியபிறகு பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரைக்கும், அங்கிருந்து இன்டேக் வரைக்கும் ஒவ்வொரு ஹோஸையும் கையால் பிசைந்து, வளைத்துப் பாருங்கள், முக்கியமாக அடிப்பக்கத்தையும் கிளாம்ப் ஓரங்களையும். லேசான எண்ணெய்ப் பசை உள்ளே இருப்பது சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெளியே ஈரமாக எண்ணெய்க்கறை இருந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. ஓட்டும்போது ஆக்சிலேட்டர் மிதித்தால் "புஸ்ஸ்" என்று முன்பக்கம் சத்தம் வருகிறதா என்றும் கவனியுங்கள். கூடவே ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஃபில்டர் அடைத்த வண்டிக்கு டர்போவே போய்விட்டது என்று சொன்ன ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது சாத்தியம், வால்வு பாதியில் சிக்கி நிற்பது. டீசல் புகையில் இருக்கிற கரியும், இன்ஜினுக்குள் சேருகிற ஆவியை வெளிவிடுகிற பிரீதர் குழாய் வழியாக வருகிற எண்ணெய் ஆவியும் சேர்ந்தால் தார் மாதிரி ஒரு பசை ஆகும். காய்ந்தால் கல். நகரத்துக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டிக்கொண்டிருந்தால் வால்வு முழுச் சூடு ஏறுவதே இல்லை, கரி ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் வால்வு முழுக்கத் திறக்கவும் மாட்டேன், முழுக்க மூடவும் மாட்டேன் என்று நிற்கும். ஐடிலில் கேட்ட அளவு புகை வராது, அதனால் 0401. முழுக்க மிதிக்கும்போது மூடாது, அதனால் கரும்புகை. இந்த நிலையில் பெரும்பாலும் பி0404-ம் துணைக்கு வரும், அது வால்வு சொன்ன இடத்துக்குப் போகவில்லை என்கிற கோடு. உங்கள் பட்டறையில் 0401 மட்டும்தான் வந்தது என்றால் என் சந்தேகம் ஹோஸ் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறது, ஆனால் இது ஊகம்தான், அடித்துச் சொல்ல மாட்டேன். வேறு கோடு எதுவும் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். 0403, 0405, 0406 இருந்தால் கதையே வேறு, அவை வயரிங், கனெக்டர், பொசிஷன் சென்சார் பக்கத்துச் சமாச்சாரம். அங்கே கரி சுத்தம் செய்து ஒரு பயனும் இல்லை. பி0299 இருந்தால் டர்போ அழுத்தம் ஏறவில்லை என்று பொருள், நேரே ஹோஸைப் போய்ப் பாருங்கள்.

ஹோஸ் நன்றாக இருந்தால் அடுத்தது எண்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் செருகுகிற ப்ளூடூத் அடாப்டர் ஒன்றும் போனில் ஒரு செயலியும் போதும், அவ்வளவு பெரிய ஸ்கேனர் தேவையில்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏசியை அணைத்துவிட்டு, ஐடிலில் மாஃப் அளவைப் பாருங்கள். கணக்கு மிக எளிது. உங்கள் இன்ஜின் 1248 சிசி, நான்கு சிலிண்டர், ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. ஒரு லிட்டர் காற்றின் எடை நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய 1.15 கிராம். அப்படியானால் புகை எதுவும் திரும்பி வராதபோது ஒரு சிலிண்டர் ஒரு தடவை உறிஞ்சுகிற காற்று சுமார் 350 மில்லிகிராம். ஐடில் 800 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 1600 தடவை உறிஞ்சும், விநாடிக்கு ஒன்பது கிராம் சொச்சம். இஜிஆர் நன்றாகத் திறந்திருந்தால் இது ஆறு, ஆறரைக்கு இறங்கியிருக்க வேண்டும். இப்போது 2500 ஆர்பிஎம் வரைக்கும் ஒரு முறை ரேஸ் கொடுத்துவிட்டு ஐடிலுக்கு விடுங்கள், சில விநாடிகளில் வால்வு மறுபடி திறப்பதும் எண் இறங்குவதும் தெரிய வேண்டும். ஒன்று கவனம்: நிறைய வண்டிகளில் சில நிமிடம் தொடர்ந்து ஐடிலில் விட்டால் கம்ப்யூட்டரே வால்வை மூடிவிடும். அதைப் பார்த்துவிட்டு "திறக்கவில்லை" என்று முடிவு செய்யாதீர்கள், ரேஸ் கொடுத்து மறுபடி பாருங்கள்.

எண் ஒன்பதிலேயே அசையாமல் நின்றால், புகை வரவில்லை என்பது உறுதி. வால்வா, பாதையா என்பதுதான் மிச்சம். எப்போதும் ஐந்து, ஆறு என்றே இருந்து, வால்வின் கனெக்டரைக் கழற்றிய பிறகும் ஏறவில்லை என்றால் வால்வு திறந்து நிற்கிறது, அல்லது மாஃப் அழுக்காகிக் குறைத்துச் சொல்கிறது. ஒன்பதையும் தாண்டி பதினொன்று, பன்னிரண்டு என்று காட்டினால் அந்த இன்ஜின் அவ்வளவு காற்றை உறிஞ்சவே முடியாது, ஹோஸ் கசிவு அல்லது மாஃப் பொய். எவ்வளவு எளிமையான கணக்கு பாருங்கள், இதைச் செய்யாமல்தான் முக்கால்வாசி வால்வுகள் மாற்றப்படுகின்றன.

சின்னதாக இன்னொரு பரிசோதனை. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகிற குழாயில் இருக்கிற அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். வெளியே இருக்கிற காற்றழுத்தத்தையே அது காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி, கோயம்புத்தூரில் 96 வாக்கில், ஊட்டியில் 77, 78. சென்னையில் நின்றுகொண்டு 85 என்று காட்டினால் அந்த சென்சார் கரியில் மூழ்கியிருக்கிறது, அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் வேறு எதையும் நம்பாதீர்கள். பிறகு ஒருவர் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மேட்டில் மூன்றாவது கியரில் முழுக்க மிதிக்கும்போது இந்த எண் எங்கே போகிறது என்று பாருங்கள். நல்ல டர்போ டீசலில் ஏறக்குறைய இரு மடங்காக வேண்டும். 130-லேயே தயங்கி நின்றால் காற்றுக் கசிவையோ டர்போவையோதான் தேட வேண்டும். ஓட்டுகிறவர் போனைப் பார்க்க வேண்டாம், தயவுசெய்து.

வால்வைக் கையில் எடுக்க வேண்டிய கட்டம் வந்தால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இன்ஜின் முழுக்க ஆறின பிறகு வேலையை ஆரம்பியுங்கள். பழைய மாடல்களில் வேக்குவம் வால்வு இருக்கும். கைப் பம்பை வைத்து உறிஞ்சிப் பார்த்தால் தண்டு தூக்க வேண்டும், தூக்கி அப்படியே நிற்க வேண்டும். மெதுவாக இறங்கினால் டயஃப்ரம் (உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு) ஓட்டை. பம்ப் இல்லையென்றால் முதலில் வேக்குவம் டியூபையாவது பாருங்கள், இருபது ரூபாய் டியூப் வெடித்துக் கிடந்ததால் வந்த இஜிஆர் கோடுகளை எண்ணி மாளாது. எலக்ட்ரிக் வால்வு என்றால் கனெக்டரில் பெரும்பாலும் ஐந்து வயர்: இரண்டு மோட்டாருக்கு, மூன்று பொசிஷன் சென்சாருக்கு. இதைப் பார்க்க பேட்டரியைத் திரும்ப மாட்டிவிடுங்கள். சாவி ஆனில் ஒன்றில் 5 வோல்ட், ஒன்றில் எர்த் இருக்க வேண்டும். சிக்னல் வயரில் மூடிய நிலையில் ஒரு வோல்ட்டை ஒட்டி, திறக்கத் திறக்க நான்கை நோக்கிச் சீராக ஏற வேண்டும். வண்டிக்கு வண்டி எண் மாறும், சில வால்வில் தலைகீழாகவும் இருக்கும், ஆனால் எந்த வண்டியிலும் நடுவில் துள்ளவோ அறுந்துபோகவோ கூடாது. துள்ளினால் சென்சார் தேய்ந்துவிட்டது, அப்போது வால்வை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கரிதான் பிரச்சினை என்றால் சுத்தம் செய்தாலே போதும், பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடுகின்றன. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து எடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கரி நகக்கண்ணில் போனால் ஒரு வாரம் போகாது. மோட்டார் பக்கம் ஸ்பிரே போகவே கூடாது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பித் திறக்கவும் கூடாது, உள்ளே பிளாஸ்டிக் பல் சக்கரம் இருக்கிறது, ஒரு பல் போனால் நீங்களே புது வால்வுக்குக் காரணமாகிவிடுவீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற டீசல் இன்ஜினின் காற்றுக் குழாயில் கிளீனர் அடிக்கிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள், அதைச் செய்யவே வேண்டாம். அந்தத் திரவம் எரிபொருளாகி இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓட ஆரம்பித்தால் சாவியை அணைத்தாலும் நிற்காது. மாஃப் சென்சாருக்கு இந்த ஸ்பிரே ஆகாது, அதற்கென்று தனியாக விற்கிறார்கள். மாட்டும்போது கேஸ்கெட் புதுசு போடுங்கள். வால்வைச் சுத்தம் செய்துவிட்டு அதற்கு அடுத்திருக்கிற குழாயைப் பார்க்காமல் விட்டால் வேலை பாதிதான், அங்கே சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத்தான் வழி மிச்சம் இருக்கும் பல வண்டிகளில். சில வண்டிகளில் வால்வு மாட்டிய பிறகு ஸ்கேனர் வைத்து அதன் மூடிய நிலையைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நல்ல வால்வுக்கும் லைட் எரியும்.

கூலன்ட் அளவையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். எங்கேயும் சொட்டாமல் அளவு மட்டும் குறைந்துகொண்டே வந்தால், திரும்பி வருகிற புகையைக் குளிர்விக்கிற இஜிஆர் கூலர் உள்ளே கசியலாம். இதை அசட்டை செய்யக்கூடாது. 2018-ல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் தீப்பிடித்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே இந்தக் கூலர் கசிவுதான்.

"வால்வை பிளேட் போட்டு அடைச்சிடுங்க, பிக்கப்பும் வரும், தொல்லையும் விடும்" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள், இதற்குள் சொல்லியிருப்பார்கள். சோதனைக்காக அரை மணி நேரம் அடைத்து ஓட்டிப் பார்ப்பது வேறு. புகை நின்று இழுவை வந்தால் வால்வு மூடவில்லை என்று தெரிந்துவிடும், நானும் அதைச் செய்வதுண்டு. நிரந்தரமாக அடைப்பது சட்டப்படி தப்பு. வருடா வருடம் எடுக்கிற புகைச் சான்றிதழ் இதைப் பிடிக்காது, டீசலுக்கு அங்கே புகையின் கருமையை மட்டும்தான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. அந்த ஓட்டையை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 புகை விதிப்படியான வண்டிகளில் அதுவும் எடுபடாது, கம்ப்யூட்டர் கண்டுபிடித்து இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடுகிற வண்டிகள் உண்டு.

பெட்ரோல் கார்காரர்கள் யாராவது படித்தால்: உங்களுக்கு அறிகுறி வேறு மாதிரி. வால்வு திறந்து நின்றால் ஐடிலில் வண்டி நடுங்கும், சிக்னலில் அணைந்துபோகும். மூடி நின்றால் மேட்டில் இன்ஜின் கடகடக்கும். இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்த வால்வே கிடையாது, வால்வு டைமிங்கை மாற்றியே அந்த வேலையைச் செய்துவிடுகிறார்கள். என் கைப்பழக்கம் டீசல்தான், பெட்ரோலுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

சரி, உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது. பட்டறைக்காரரிடம் வால்வுக்கு ஆர்டர் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், சண்டை வேண்டாம், "அண்ணே, ரெண்டு நாள் பார்த்துட்டு வர்றேன்" என்றால் போதும். ஹோஸை வளைத்துப் பாருங்கள். அப்புறம் மூன்று எண்கள் வேண்டும்: சூடான இன்ஜினில் ஐடிலில் மாஃப், கனெக்டரைக் கழற்றிய பிறகு மாஃப், மேட்டில் முழுக்க மிதிக்கும்போது மேனிஃபோல்டு அழுத்தம். கூடவே எந்த ஊரில் இருந்து எடுத்தீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள், வால்வா இல்லையா என்று அதை வைத்துப் பேசலாம்.